வாசகர் கேள்வி – பதில்: கோப்பு என்னும் சொல்

கேள்வி: பூம்பாறையில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதி வருகிறேன். சென்ற மாதம் கடன் விண்ணப்பத்துக்காக, உறுப்பினர் விவரம் அடங்கிய கோப்பைப் பிடிஎஃப் வடிவில் பதிவேற்றச் சொன்னார்கள். எங்கள் பதிவேட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் கடைசியில் இருந்த ‘ஜேபிஜி’ என்பதை அழித்துவிட்டு, ‘பிடிஎஃப்’ என்று எழுதி ஏற்றினேன். ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று திரும்பி வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு மின்னஞ்சலில் இணைக்கப் பார்த்தேன், இணையவே இல்லை. கோப்பு, கோப்புறை, ஆவணம், தரவு என்று ஆளுக்கொரு சொல் சொல்கிறார்கள். இவை ஒன்றா, வேறா? கோப்பு என்றால் உண்மையில் என்ன?
– வாசகி, பூம்பாறை

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. அது தெளிந்துவிட்டால் மற்ற இரண்டு சிக்கலும் தாமாக அவிழ்ந்துவிடும்.

கோப்பு என்பது ‘கோ’ என்னும் வினையடியில் பிறந்த பெயர். மணியைக் கோக்கிறோம், ஊசியில் நூலைக் கோக்கிறோம், கையோடு கை கோத்து நடக்கிறோம். ‘கா’ என்பதிலிருந்து காப்பு வந்ததைப் போல, ‘கோ’ என்பதிலிருந்து கோப்பு வந்தது. (பலர் கோர்த்தல், கோர்ப்பது என்று எழுதுகிறார்கள். அந்த ரகரம் பேச்சு வழக்கில் நுழைந்தது. கோத்தல் என்பதே திருத்தமான வடிவம்.) நம் கொடைக்கானல் மலையில் பனி இறங்கும் மாதங்களில் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லி, நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுகிறோமே, அந்தக் கோவையும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

காகிதத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பதை எந்த அரசு அலுவலகத்திலும் கண்ணால் பார்க்கலாம். வந்த கடிதத்தின் இடது மேல் மூலையில் துளையிடுவார்கள். இரு முனையிலும் உலோகக் குச்சி வைத்த ஒரு சிறு நூலை, அலுவலகத்தில் ‘டேக்’ என்று சொல்லப்படும் அந்த நூலை, துளைக்குள் நுழைத்து முந்தைய கடிதங்களோடு சேர்ப்பார்கள். பிறகு பக்க எண் இடுவார்கள். கடிதங்கள் சேர்வது நடப்புக் கோப்பு. அலுவலர்கள் தங்கள் கருத்தை எழுதிக்கொண்டு போவது குறிப்புக் கோப்பு. அந்தக் கட்டுக்கு ஓர் எண் உண்டு. உங்களுக்கு வரும் அரசுக் கடிதங்களின் தலையில் ‘ந.க. எண்’ என்று காண்பீர்களே, அதை வைத்துத்தான் கட்டைத் தேடி எடுக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்புக்கு அருகில் ஒரு மளிகைக் கடையில் இதைவிட எளிய ஏற்பாடு இருந்தது: உத்தரத்திலிருந்து ஒரு கம்பி தொங்கும், அதன் கீழ் முனை கொக்கிபோல் வளைந்திருக்கும், அன்றன்றைய சீட்டுகளை அதில் குத்தி மேலே ஏற்றிவிடுவார்கள். மாதக் கடைசியில் கம்பியை இறக்கினால், முதல் தேதிச் சீட்டு மேலேயும் கடைசித் தேதிச் சீட்டு கீழேயுமாக, ஒன்றும் இடம் மாறாமல் இருக்கும்.

ஆங்கிலத்தில் ‘ஃபைல்’ என்ற சொல்லும் இதே கம்பியிலிருந்து வந்ததுதான். ‘ஃபீலும்’ என்றால் லத்தீனில் நூல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த தாள்களைக் குறித்தது. ஆகவே கோப்பு என்பது ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக எப்படியோ பொருத்திவிட்ட சொல் அன்று. இரண்டு மொழிகளும் ஒரே செயலைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கின்றன. கணினித் தமிழில் இவ்வளவு சரியாக அமைந்த சொற்கள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

கணினிக்கு வந்த பிறகு இந்தச் சொல் நிலையாக ஒரே பொருளில் நிற்கவில்லை. முதலில் துளையட்டைகளின், அதாவது துளைகளால் தகவலைப் பதிந்த அட்டைகளின், அடுக்கை ஃபைல் என்றார்கள். 1956இல் ஐபிஎம் நிறுவனம் 350 என்ற எண்ணுள்ள வட்டுச் சேமிப்புக் கருவியை வெளியிட்டது. 24 அங்குல அகலமுள்ள 50 வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழலும் அந்தக் கருவியில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். அந்தக் கருவியையே ‘டிஸ்க் ஃபைல்’ என்றார்கள். கருவி முழுவதையும் குறித்த பெயர், பின்னர் கருவிக்குள் தனிப் பெயரோடு இருக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் உரியதாகச் சுருங்கியது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இந்தப் பொருளை மிகத் தெளிவாக்கியது: கோப்பு என்பது பைட்டுகளின் ஒரு வரிசை, அவ்வளவுதான், அவற்றுக்குள் இருப்பது கணக்கா, படமா, பாட்டா என்பது அதைத் திறக்கும் மென்பொருளின் கவலை.

பைட்டு என்பது 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண்ணைத் தாங்கும் சிறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் நோட்பேடு என்ற எழுதும் செயலியைத் திறந்து ‘கோப்பு’ என்ற ஒரே சொல்லைத் தட்டிச் சேமித்துவிட்டு, அதன் அளவைப் பாருங்கள். 18 பைட்டு என்று காட்டும். நம் கணக்கில் கோ, ப், பு என மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு கணக்கில் க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என ஆறு. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு எடுக்கும். ஆறு மூன்று பதினெட்டு. (பழைய நோட்பேடு முன்னால் மூன்று பைட்டு அடையாளம் ஒன்றைச் சேர்க்கும், 21 என்று காட்டினால் திகைக்க வேண்டாம்.) இந்தப் பதினெட்டு எண்களும் இந்த வரிசையில் நின்றால்தான் அது ‘கோப்பு’ என்ற சொல். ஓர் எண் இடம் மாறினாலும் வேறு எழுத்தாகும், அல்லது கட்டங்களாகத் தெரியும். ஆகவே கோப்பு என்றால் பெயரும் தொடக்கமும் முடிவும் உள்ள, வரிசை மாறாமல் கோத்த எண்மாலை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் சிக்கல். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் மூன்று நான்கு எழுத்துகளைப் பின்னொட்டு என்று சொல்லலாம். எம்எஸ்-டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று எழுத்து என்று வரம்பு இருந்தது; அதன் வழக்கம் இன்னும் தொடர்கிறது. இந்தப் பின்னொட்டு, கோப்பின்மேல் ஒட்டிய சீட்டு. மண்ணெண்ணெய் டப்பாவின் சீட்டைக் கிழித்துவிட்டு ‘தேன்’ என்று ஒட்டினால் உள்ளிருப்பது மாறாது. ஜேபிஜி படத்தின் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் 255, 216 என்ற எண்களாக இருக்கும். பிடிஎஃப் கோப்போ, விழுக்காட்டுக் குறியோடும் அதை அடுத்து ‘பிடிஎஃப்’ என்ற எழுத்துகளோடும் தொடங்கும். இணையதளம் நீங்கள் ஒட்டிய சீட்டை நம்பித் திறந்தது, உள்ளே 255, 216 இருந்தது, ‘சேதமடைந்துள்ளது’ என்றது. உண்மையில் எதுவும் சேதமடையவில்லை. பெயரை மீண்டும் ஜேபிஜி என்று மாற்றினால் உங்கள் படங்கள் அப்படியே திறக்கும். பிடிஎஃப் வேண்டுமானால் மாலையையே புதிதாகக் கோக்க வேண்டும். கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியைத் திறந்து பதிவேட்டின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுத்தால், எல்லாப் பக்கங்களும் ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேரும்.

கோப்பு தன்னைப் பற்றித் தன் முதல் வரிகளிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் மலையிலேயே இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைக்கும் பழக்கம் 1904 முதல் தொடர்ந்து வந்திருக்கிறது. கண்ணாடித் தகடுகளிலும் பின்னர் ஃபிலிமிலும் பதிந்த அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ம வடிவாக்கி, யாரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஒரு தகடு ஒரு கோப்பாகிறது: அகலத்தில் 4096 புள்ளி, உயரத்தில் 4096 புள்ளி, புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட்டு. பெருக்கிப் பார்த்தால் 3 கோடியே 35 லட்சம் பைட்டுக்குச் சற்று மேல் வரும். மேலே சொன்ன 1956ஆம் ஆண்டுக் கருவி முழுவதிலும்கூட இந்த ஒரு படம் அடங்காது.

வானியலாளர்கள் இத்தகைய படங்களுக்கு 1981இல் வரையறுத்த ‘ஃபிட்ஸ்’ என்ற வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கோப்பின் தொடக்கத்தில், படத்துக்கு முன்பாக, மனிதர் படிக்கக்கூடிய வரிகள் இருக்கும்: புள்ளிகள் எத்தனை, எப்போது எடுத்தது, எந்தக் கருவியில் எடுத்தது என்று. ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. 36 வரி கொண்டது ஒரு கட்டு, அதாவது 2880 பைட்டு. 80 என்ற எண் 1928இல் வந்த ஐபிஎம் துளையட்டையின் 80 நெடுவரிசைகளிலிருந்து வந்தது. அட்டை போய்விட்டது, அதன் அகலம் மட்டும் கோப்புக்குள் இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து அந்தப் படத்தைத் திறப்பவருக்கும் அது என்ன, எப்போது எடுத்தது என்று யாரையும் கேட்காமல் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. உங்கள் குழுக் கணக்கின் முதல் வரியிலும் குழுவின் பெயர், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதிவிடுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். கோப்பின் பெயரை யாராவது மாற்றிவிட்டாலும் உள்ளிருக்கும் வரி மாறாது.

இரண்டாவது சிக்கல், கோப்புறை. இங்கே சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. உறை என்றதும், தலையணையை உறைக்குள் போடுவதைப்போலக் கோப்புகளை எதற்குள்ளோ போட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. வட்டில் அப்படி ஓர் உறை கிடையாது. கோப்புறை என்பது எந்தப் பெயருள்ள கோப்பு வட்டில் எங்கே தொடங்குகிறது என்று குறித்து வைத்த ஒரு பட்டியல். இதற்கு ‘அடைவு’ என்ற இன்னொரு சொல்லும் கணினித் தமிழில் உண்டு. நூலின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தருவதைச் சொல்லடைவு என்கிறோமே, அதே அடைவுதான். பொருளால் இதுவே பொருத்தமானது. அது வழக்கில் ஊன்றாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. மின்னஞ்சல் கோப்புகளை மட்டுமே சுமக்கும், பட்டியலைச் சுமக்காது. அதனால்தான் உங்கள் கோப்புறை இணையவில்லை. அதை ‘ஸிப்’ செய்தால், பட்டியலும் அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்து ஒரே கோப்பாகக் கட்டப்படும், அதை அனுப்பலாம்.

ஆவணம் என்பது சான்றாக நிற்கும் எழுத்து. கணினியிலுள்ள ஆவணம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. ஆனால் பாட்டும் படமும் செயலியும்கூடக் கோப்புகளே, அவை ஆவணங்கள் அல்ல. தரவு என்பது ‘தா’ என்னும் வினையிலிருந்து வந்தது. ‘டேட்டா’ என்ற லத்தீன் சொல்லுக்கும் தரப்பட்டவை என்றே பொருள். கோப்பு வடிவத்தைச் சொல்கிறது, தரவு அதிலிருந்து நமக்குக் கிடைப்பதைச் சொல்கிறது. கொடைக்கானலின் அதே சூரியப் படம் ஒருவருக்குச் சூரியப் புள்ளியின் பரப்பைத் தரும். அடுத்தடுத்த நாள் படங்களோடு வைத்துப் பார்க்கும் இன்னொருவருக்குச் சூரியன் சுழலும் வேகத்தைத் தரும். உங்கள் கணக்கில், ஓர் உறுப்பினரின் பெயர், தேதி, கட்டிய தொகை ஆகியவை அடங்கிய ஒரு வரி ஒரு பதிவு. அந்த வரியில் தொகை மட்டும் உள்ள கட்டம் ஒரு புலம். எல்லா வரிகளும் சேர்ந்தது கோப்பு.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். ‘கோப்பைத் திறக்கவும்’ என்று கரும்பலகையில் எழுதினால், ‘தேநீர்க் கோப்பையா, ஐயா?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இலங்கையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ‘கோவை’ என்று எழுதுகிறார். பேசாமல் ஃபைல் என்றே எழுதிவிடலாமா?
– ஆசிரியர், பண்ணைக்காடு

பதில்: பிள்ளைகளின் கேள்வி நல்ல இலக்கணக் கேள்வி, அதை வைத்தே பாடம் நடத்தலாம். கோப்பு என்ற சொல்லோடு ‘ஐ’ உருபு சேர்ந்தால் கோப்பை. தேநீர் குடிக்கும் கோப்பையோடு அதே உருபு சேர்ந்தால் கோப்பையை. எனவே ‘கோப்பைத் திறக்கவும்’ என்ற தொடரில் இருப்பது பாத்திரமாக இருக்க முடியாது. பாத்திரமானால் ‘கோப்பையைத் திறக்கவும்’ என்று வந்திருக்கும். நடுவில் மிகும் ‘த்’ என்ற ஒற்றும் இரண்டாம் வேற்றுமை விரிந்திருக்கிறது என்று காட்டிக் கொடுக்கிறது. ஒற்றை விட்டுவிட்டு ‘கோப்பை திறக்கவும்’ என்று எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. பல செயலிகளின் தமிழ்ப் பட்டியல்களில் இந்த ஒற்று விடுபட்டிருப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. சிறு பிள்ளைகளுக்கு எழுதும்போது ‘கோப்பினைத் திறக்கவும்’ என்று ‘இன்’ சாரியை சேர்த்து எழுதிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை.

உங்கள் உறவினர் எழுதும் கோவையும் பிழையன்று. அதுவும் ‘கோ’ என்ற அதே அடியில் பிறந்ததுதான். அகப்பொருள் துறைகளை ஒரு கதைபோல வரிசையாகக் கோத்துப் பாடும் சிற்றிலக்கிய வகைக்குக் கோவை என்றே பெயர். இலங்கையில் சட்டத் தொகுப்பைச் சட்டக்கோவை என்கிறார்கள். தமிழ்நாட்டிலோ கோவை என்றதும் கோயம்புத்தூர்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘கோவையை அனுப்பு’ என்று இங்கே எழுத முடியாது. அவரவர் நாட்டில் பழகியதை அவரவர் எழுதட்டும்.

பேச்சில் ஃபைல் என்று சொல்வதில் தவறேதும் இல்லை. நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். எழுத்தில், அதுவும் பாடம் நடத்தும் எழுத்தில், கோப்பு என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். ஃபைல் என்று எழுதினால் பிள்ளை அதை ஒரு பெயராக மட்டும் மனப்பாடம் செய்யும். கோப்பு என்று எழுதி, ஒரு நூலையும் பத்து மணிகளையும் மேசையில் வைத்துக் கோத்துக் காட்டினால், வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளை தானே சொல்லிவிடும். ஒரே பாடத்தில் ஓரிடத்தில் ஃபைல், ஓரிடத்தில் கோப்பு, இன்னோரிடத்தில் ஆவணம் என்று கலந்து எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: மகளின் காதணி விழாப் படங்கள் கேமராவின் மெமரி கார்டில் இருந்தன. இடம் போதவில்லை என்று வேறு படங்களை அழிக்கப் போய், அவற்றையும் அழித்துவிட்டேன். அழித்த கோப்பு எங்கே போகிறது? திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: முதலில் ஒன்று: அந்தக் கார்டை இப்போதே கேமராவிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். அதில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு படியுங்கள்.

அழித்த கோப்பு எங்கேயும் போவதில்லை. கோப்புறை என்பது ஒரு பட்டியல் என்று மேலே சொன்னேன். ‘அழி’ என்றதும் கேமரா செய்வது, பட்டியலில் அந்தப் பெயரை நீக்கியதாகக் குறித்து, அந்தக் கோப்பு இருந்த இடத்தைக் காலி இடம் என்று எழுதி வைப்பது மட்டுமே. பல லட்சம் பைட்டுகளையும் ஒவ்வொன்றாகத் துடைக்க நேரம் ஆகும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறது. மணிகள் கார்டில் கிடக்கின்றன, அவற்றின் பெயர்ச் சீட்டுதான் போயிற்று. அடுத்த படத்தை எடுக்கும்போது கேமரா அந்தக் ‘காலி’ இடத்தில் புதிய எண்களை எழுதும். அப்போதுதான் பழையவை உண்மையாகவே அழிகின்றன.

மீட்பு மென்பொருள்கள் பட்டியலை நம்பாமல் கார்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, 255, 216 என்று தொடங்கும் இடங்களைத் தேடும். பூம்பாறைச் சகோதரியின் சிக்கலுக்குக் காரணமாக இருந்த அதே இரண்டு எண்கள் இங்கே உங்களுக்கு உதவிக்கு வருகின்றன. அந்த இடத்திலிருந்து படத்தின் முடிவு அடையாளம் வரை எடுத்துப் புதிய பெயரோடு தரும். பழைய பெயர்கள் வராமல் போகலாம், சில படங்கள் பாதியில் சாம்பல் நிறமாகத் தெரியலாம். மேலெழுதாதவை பெரும்பாலும் முழுமையாகக் கிடைத்துவிடும். ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல், கணினியில் சேமியுங்கள். கணினியில் பழக்கம் இல்லாவிட்டால், தெரிந்தவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கைப்பேசியின் உள் நினைவகத்தில் நிலைமை வேறு. அங்கே காலி என்று குறித்த இடத்தைக் கருவியே விரைவில் துடைத்துவிடுவதாலும், சேமிப்பு பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதாலும், இப்படித் தேடி எடுப்பது பெரும்பாலும் நடக்காது. கேலரியில் உள்ள குப்பைத் தொட்டியில் சில நாள்கள் இருந்தால்தான் உண்டு.

படங்கள் கிடைத்ததும், இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். நம் மலையில் மழை மாதங்களில் அலமாரிக்குள்கூட ஈரம் ஏறிவிடுகிறது என்பதால், இன்னொன்றை வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அந்தக் கோப்புறைக்கு ‘புதியது’ என்றோ ‘படங்கள்’ என்றோ பெயர் வைக்காமல், ஆண்டு, மாதம், மகளின் பெயர், காதணி விழா என்று முழுமையாக எழுதுங்கள்.